தோள் உயரத்தில் ஒரு கை

என் தங்கைக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. அவள் பிடுங்கிக்கொண்டவை இவை. தம்பி பீரோவில் வைத்துப் பூட்டிய அவளுடைய பள்ளிச் சான்றிதழ். அதைக் காட்டி எடுத்த பாஸ்போர்ட். வெளிநாட்டில் ஆறு பெண்கள் படுக்கும் அறையில் ஜன்னல் ஓரக் கட்டில். அந்த அறைச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்துக்கொள்ளும் உரிமை; வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று கத்தினார், ஆணி அங்கேயே இருந்தது. யாரோ பழசென்று விற்ற ஒரு கேமரா. பிழைக்க வந்தவர்கள் எடுத்த படங்களுக்கென்று அந்த நகரத்தில் நடந்த போட்டியில் முதல் இடம். கடைசியாக, எங்கள் அம்மாவின் வாயிலிருந்து நேராக அவளுக்கென்று வந்த ஒரு பேச்சு.

மற்றவை எல்லாம் ஒரு பக்கம், கடைசியாகச் சொன்னது ஒரு பக்கம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் உறவுக்காரர்கள் நடுவில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தை மதிக்காதவள், அண்ணன் கல்யாணத்துக்கு வராதவள், தன் மூஞ்சியைத் தானே படம் பிடித்துக்கொண்டு திரிகிறவள் என்று. அந்தக் கதையைப் பரப்பியவர்களும் இதைப் படிக்கட்டும்.

வீட்டில் அவளுக்கு நண்டு என்று பெயர். பிறந்தபோது கையும் காலும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. எதைப் பிடித்தாலும் விடமாட்டாள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் மூத்தவள், நடுவில் தம்பி, கடைசியாக நண்டு. அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். இன்றும் அதே மிஷின்தான், அதே கடைதான். தம்பி ஒரு லாரி கம்பெனிக் கிடங்கில் வேலைக்குப் போனான். நண்டு மட்டும் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்தாள்.

அவள் படிப்பு முடிந்ததும் தம்பி ஒரு காரியம் செய்தான். தன் மேலாளரின் மைத்துனருக்கு நண்டைக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். பெண் பார்க்க ஆட்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரியும். அவள் முன்னறைக்கு வந்தாள், எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள், நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணனுக்கு பிரமோஷன் வேணும்னா அண்ணனே கட்டிக்கட்டும்."

வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா அன்றைக்கு அவளை அடித்தாள். பிறகு தம்பி சான்றிதழைப் பூட்டி வைத்ததும், நான் பீரோச் சாவியை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும், ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை என்று நண்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆணை வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அவள் பெட்டியோடு கிளம்பியபோது அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அங்கிருந்தே ஒன்று சொன்னாள்: "படிய தாண்டினா இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாதுன்னு அவகிட்ட சொல்லு."

சொன்னது என்னிடம். நண்டு நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

அம்மா அந்த வார்த்தையை அப்படியே காப்பாற்றினாள். தம்பி வீட்டில் நண்டின் பேச்சையே எடுக்கக் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என் கடைக்கு வருவாள். நண்டு அழைப்பாள். நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மிஷின் மேல் வைப்பேன். அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"சாப்பிட்டாளான்னு கேளு."

ஃபோனுக்குள்ளிருந்து பதில் வரும்: "சாப்பிட்டேன்னு சொல்லுக்கா."

"இளைச்சிருப்பா. வேளைக்கு திங்க மாட்டா."

"அம்மாவ விட குண்டாயிட்டேன்னு சொல்லுக்கா."

இப்படி வருஷக்கணக்கில் நான் தமிழைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு மட்டும் வரும், சரியாகச் சொல்லவில்லை என்று.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நண்டு விடுமுறை கேட்டாள். ஒப்பந்தத்தில் இன்னும் விடுமுறைக் காலம் வரவில்லை என்று சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். தம்பியிடம் சொன்னபோது அவன் சொன்னது, "நல்லதாப் போச்சு." கல்யாணம் முடிந்து குடும்பப் படம் எடுத்தார்கள். எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய் நின்றோம். எடுத்து முடித்ததும் நான் ஸ்டுடியோக்காரரிடம் நண்டையும் படத்தில் சேர்க்கச் சொன்னேன்.

அவருக்கு இது பழகிய வேலை. எங்கள் தெருக்களில் வெளிநாடு போகாத வீடு கிடையாது. அவர் கம்ப்யூட்டரில் வராதவர்களுக்கென்று உடம்புகள் தயாராக இருந்தன: பச்சைப் புடவை ஒன்று, மஞ்சள் புடவை ஒன்று, ஆண்களுக்கு ஒரு கோட்டு. தலையை மட்டும் நாம் கொடுத்தால் போதும். நான் நண்டின் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்துப் பச்சைப் புடவையைக் காட்டினேன். தம்பி பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "ஓரமா போடுங்க. பின்னால வேணும்னா வெட்டிக்கலாம்."

ஓரத்தில் நின்றிருந்தது அம்மா. அதனால் நண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தாள். படம் கைக்கு வந்தபோது கழுத்துக்கு மேலே என் தங்கை, கழுத்துக்குக் கீழே யாரோ. அந்த யாரோ கனத்த வளையல் போட்ட கையை எங்கள் அம்மாவின் தோளில் உரிமையோடு வைத்திருந்தாள்.

படத்தை நண்டுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வரை பதில் இல்லை. அழைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அம்மா தோள்ல இருக்கற கை யாரோடது?"

நானும் அதை ஸ்டுடியோக்காரரிடம் கேட்டிருந்தேன். யாருக்குத் தெரியும், அது பல வருஷமாக என் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அவர் சொன்னதைச் சொன்னேன். நண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா பாவாடை நாடாவைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "எவளோ ஒருத்தி கை என் தோள்ல இருக்கு, நான் பெத்த பொண்ணு கை இல்லன்னு அவகிட்ட சொல்லு."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குள் நண்டு அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கேமரா வந்தது. மேல் கட்டிலில் படுத்திருந்த பெண் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றால் சிவப்பு விளக்கு சிமிட்டிச் சிமிட்டித் தானே படம் எடுத்துக்கொள்ளும். கேமராவை இஸ்திரி மேஜை மேல் ஏற்றி, பின்னால் மருத்துவமனையில் கிழிந்து ஒதுக்கிய வெள்ளை விரிப்பு ஒன்றைக் கட்டி, நண்டு தன்னைத் தானே படம் பிடிக்கத் தொடங்கினாள். உடன் இருந்தவர்கள் விட்டுவைப்பார்களா? வேலைக்குப் போகிற யூனிபாரத்திலேயே சுவர் முன்னால் விறைப்பாக நிற்கிறாளே, வேலை போனால் நினைவுக்கு வைத்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கை வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள். அவள் ஜன்னல் ஓரக் கட்டிலுக்குச் சண்டை போட்டது வெளிச்சத்துக்காகத்தான்.

ஒரு ஞாயிறு அம்மா வருவதற்கு முன்பே அழைத்தாள். "அக்கா, அம்மா தோள் தரையிலேருந்து எவ்வளவு உசரம்?"

நைட்டி தைப்பதற்குத் தோளிலிருந்து தரை வரை அளவெடுப்போம். அம்மாவின் அளவு எனக்கு மனப்பாடம். ஐம்பது அங்குலம் என்றேன். எதற்கு என்று கேட்டேன். கை வைக்க என்றாள்.

ஐம்பது அங்குலத்தில் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதற்குப் பக்கத்தில் நின்று, இடது கையை அந்த உயரத்துக்குத் தூக்கி, இல்லாத தோளின் மேல் வைத்து ஒரு படம் எடுத்திருந்தாள். தம்பியின் கல்யாணப் படம்தான் அது. அதில் தன் இடத்தில் அவள் மட்டும் நிற்கிறாள். மற்றவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை விரிப்பு. கையோ அந்தரத்தில். ஆனால் தொங்கவில்லை. ஆள் இருக்கிற மாதிரியே பாரம் கொடுத்து வைத்திருக்கிறாள். பார்த்ததும் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கையின் கீழே அம்மாவைத் தேடினேன்.

அப்புறம் ஒவ்வொரு பழைய படமாக எடுத்துக்கொண்டாள். நான் அளவு சொல்லுவேன், அவள் டேப் ஒட்டுவாள். நாங்கள் மூவரும் ஒரே சைக்கிளில் உட்கார்ந்த படம் ஒன்று உண்டு. அதில் முன் கம்பியில் இருந்தவள் அவள். அதே மாதிரி ஒரு குழாயில் உட்கார்ந்து, முதுகைப் பின்னால் இல்லாத தம்பியின் மார்பில் சாய்த்திருந்தாள். என் மடியில் அவள் உட்கார்ந்த படத்துக்கு, மடித்த விரிப்புகளை என் மடி உயரத்துக்கு அடுக்கி அதன் மேல் உட்கார்ந்தாள். அதைச் சலவை அறையிலேயே வைத்து எடுத்தபோது மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அந்த அடுக்கு மொத்தத்தையும் திரும்பத் துவைக்க வைத்தார். துவைத்தாள். படத்தை அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.

எந்தப் படத்திலும் அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று துண்டு போட்டு இடம் பிடித்தவளின் முகம்தான் எல்லாவற்றிலும். யாராவது வந்து உட்காரப் பார்த்தால் சண்டைக்குத் தயார்.

இந்தப் படங்களைப் போட்டிக்கு அனுப்பி முதல் இடம் வந்தபோது, அவற்றைக் கண்காட்சியில் வைத்த அம்மாள் ஒவ்வொரு படத்தின் வெள்ளை ஓரத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். எல்லோரும் போடுவார்கள், அப்போதுதான் அது கலைஞர் செய்த படைப்பு, இல்லையென்றால் வெறும் ஃபோட்டோ என்றாராம். நண்டு, அப்படியென்றால் ஃபோட்டோவாகவே இருக்கட்டும், இன்னும் முடியவில்லை என்றாள். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, அம்மா வந்து நிற்கும்போது என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்து இல்லாமலே மாட்டினார். இந்த வருஷம் பல ஊர்களுக்கு எடுத்துப்போகும் கண்காட்சி ஒன்று இருக்கிறது, கையெழுத்து இல்லாத படம் அதில் போகாது என்றும் சொல்லிவிட்டார்.

என்னிடம் சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன். பேசவே மாட்டேன் என்கிறவள் வந்து எப்படி நிற்பாள், போட்டுத் தொலை என்றேன். "முடியாத ஜாக்கெட்டுக்கு நீ கொக்கி வச்சு தருவியா?" என்று கேட்டாள். இந்த முறை நான்தான் ஃபோனை வைத்தேன்.

படங்கள் எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தன. தம்பி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான், பஞ்சாயத்துக்கு. அவன் மனைவி முதலில் ஆரம்பித்தாள். தன் கல்யாணப் படத்தில் வேலைக்காரி உடுப்போடு நிற்க இவளுக்கு என்ன திமிர் என்றாள். தம்பி ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"நம்ம எல்லாரையும் அழிச்சிட்டு தான் மட்டும் நிக்கறா பாரு. உசுரோட இருக்கறவங்கள இல்லன்னு காட்டறா."

"ஓரமா போடுங்க, வெட்டிக்கலாம்னு சொன்னது நீ," என்றேன். "அவ உன்னை வெட்டலை. உனக்கு இடம் விட்டு நிக்கறா. போய் நிக்க உனக்குத்தான் யோக்கியதை இல்ல."

அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதற்குள் அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குக் கொண்டுபோய் நிறுத்தி வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "நான் இவ்வளவு உசரம் இல்லன்னு அவகிட்ட சொல்லு," என்றாள்.

குடும்ப மானம் போகிறது என்று அங்கே கூரை பறக்கிறது, இவளுக்கு உயரம். அதுவும் என் அளவைக் குறை சொல்லி. நண்டிடம் சொன்னேன். "அக்கா அளவு தப்பாதுன்னு சொல்லு," என்று பதில் வந்தது. அதை மட்டும் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

கடைசியில் நண்டு விடுமுறையில் வந்தாள். பெட்டி ஒரு கையில், கேமராப் பை தோளில். நான் கூடப் போனேன். தம்பி வாசற்கதவைப் பாதி திறந்து குறுக்கே நின்றான். கேமரா உள்ளே வரக் கூடாது என்றான்.

"நான்?" என்று கேட்டாள் நண்டு.

"நீ வரலாம். போட்டோ எடுக்காம, வாய மூடிட்டு."

"வாய மூடிட்டு வர்றதுன்னா அப்பவே மூடியிருப்பேனே."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாசல்ல நின்னு தெருவ கூட்ட வேணாம்னு சொல்லு." இந்த முறை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நண்டு அந்தக் குரல் வந்த பக்கம் எட்டிப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது கதவிடுக்கு வழியாக அம்மாவின் முழங்கை மட்டும்தான். பெட்டியைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

என் கடையில் மிஷின்களுக்கு நடுவே படுத்துக்கொண்டாள். பகலில் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை. ஃபோனுக்கு வந்தவள் ஆளுக்கு வரவில்லை. நண்டு, நான் அளவெடுக்க ஆட்களை நிறுத்தும் சுவரில் ஐம்பது அங்குலத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எதிரே இஸ்திரி மேஜையில் கேமராவை வைத்துவிட்டாள். இதென்ன கடையா ஸ்டுடியோவா என்று வாடிக்கைக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். நான் அவர்களைத் திட்டினேன். விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா வந்தாள். கையில் நைட்டி ஒன்று. நண்டு பக்கம் திரும்பவே இல்லை.

"இத வெட்டிக் குடு. கால தடுக்குது. நீளமா தச்சு வச்சிருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. "நான் நீளமா தைப்பேனா? அளவு அளவுதான்."

"தடுக்குதுன்னா தடுக்குது. விழுந்து பல்லு போனா நீயா கட்டுவே?"

"வா, நில்லு. அளந்து காட்டறேன்."

சுவரோரம் நிறுத்தி அளவு டேப்பைத் தோளில் வைத்துக் கீழே விட்டேன். நாற்பத்தேழு. செருப்பைப் பார்த்தேன், கழற்றியிருந்தாள். நிமிர்ந்து நிற்கச் சொன்னேன். நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்றாள். திரும்ப அளந்தேன். நாற்பத்தேழுதான். என் அளவு தப்பவில்லை. அம்மாதான் கூனிக் குறுகிப் போயிருந்தாள். வாரா வாரம் எதிரே உட்கார்ந்து நாடா கோத்தவளை நான் அளந்து பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன.

அம்மா கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். "இது என்ன ஒட்டி வச்சிருக்கு?"

மிஷின் பின்னாலிருந்து நண்டு சொன்னாள், "அம்மா தோள்னு சொல்லுக்கா."

சுவரில் ஒட்டிய துண்டு அம்மாவின் கழுத்துக்கு நேராக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். அளந்து முடிந்துவிட்டது, போகலாம். போகவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சுவரோரமாகவே நின்றாள். தகராறு செய்யக் காத்திருப்பவள் மாதிரி முகம். நண்டு எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. வேகமாக வந்து தன் இடத்தில் நின்று, பழக்கத்தில், பார்க்காமலே இடது கையைத் தூக்கி வைத்தாள். கை ஐம்பது அங்குலத்தில் போய் நின்றது. அம்மாவின் தோளுக்கு மேலே நாலு விரல் இடைவெளி. தொடவில்லை. அந்தரத்தில் அப்படியே.

அம்மா கேமராவைப் பார்த்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கைய இறக்குடி. நான் இங்க இருக்கேன்."

என்னிடம் இல்லை. அவளிடம்.

கை இறங்கும்போது கேமரா படம் எடுத்தது.

அம்மா உடனே நகர்ந்துவிட்டாள். செவ்வாய்க்குள் நைட்டி வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் "அவகிட்ட சொல்லு" தான். ஆனால் கடைக்கு வந்து, எதிரே உட்கார்ந்து.

நண்டு அன்று மாலையே ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாகப் போட்டாள். அம்மாவின் வாய் திறந்திருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது. நண்டு கேமராவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கிறாள். இறங்குகிற கை கலங்கித் தெரிகிறது. ஸ்டுடியோக்காரர் வருத்தப்பட்டார். கை ஆடிப்போயிருக்கிறது, என்னிடம் நல்ல கை இருக்கிறது, மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். அந்தக் கைமேல் கை வைத்தால் உங்கள் கம்ப்யூட்டரை உடைப்பேன் என்று நான் சொன்னேன். நண்டு அவர் மேஜையிலிருந்தே பேனாவை எடுத்து, வெள்ளை ஓரத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் எழுதினாள்:

2019 மார்ச் 9, சனிக்கிழமை.